சித்தி வீட்டு கட்டிலுக்கு அடியில

வரிசையா புரோட்டீன் பவுடர் டப்பா. இன்னைக்கு சித்தி வீட்ல கீழ விழுந்த சார்ஜரை எடுக்க குனிஞ்சப்போ பார்த்தேன். பாதிக்கு மேல எக்ஸ்பயரி ஆயிருச்சு, சீல் கூட பிரிக்கல.

"ஏன் சித்தி இன்னும் வாங்குறீங்க?"

"இந்த மாசம் பாயிண்ட் வரலன்னா லெவல் போயிரும்டா."

ஆள் சேர்த்து பொருள் விக்கிற நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனில சித்தி இருக்காங்க. பொருள் வாங்குனாதான் பாயிண்ட், பாயிண்ட் இருந்தாதான் லெவல். அதுக்கு நகையை அடகு வச்சு கட்டுறாங்க.

முட்டாள்தனம்னு ஈஸியா சொல்லிடலாம். ஆனா ஹால்ல ஒரு போட்டோ மாட்டியிருக்காங்க, ஏதோ ஹோட்டல் மீட்டிங், சித்தி கழுத்துல பேட்ஜோட மேடையில நிக்கிறாங்க, கீழ எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க. இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டதுக்கு அந்த வீட்ல ஒருத்தர் கைதட்டுனதில்ல.

அதோட, அவங்களுக்குக் கீழ சேர்ந்திருக்கிறது யாரு? சொந்த நாத்தனார், எதுத்த வீட்டு அக்கா. போச்சுன்னு ஒத்துக்கிட்டா இவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? காசு வரலன்னா உன் உழைப்பு பத்தலன்னு கம்பெனில சொல்லியே பழக்கிட்டாங்க, கேள்வி கேக்குற வீட்டாளுங்க எல்லாம் 'நெகட்டிவ்'.

2024 ஜனவரில கோவை நீலாம்பூர்ல, மொபைல்ல விளம்பரம் பார்த்தா காசுன்னு சொன்ன கம்பெனி மேல கேஸ் வந்ததும் ஆயிரக்கணக்குல ஜனம் கம்பெனிக்கு ஆதரவா திரண்டுச்சே, அவங்களை மீம் போட்டு சிரிச்சது எனக்கு இப்பவும் ஆறல. சிரிக்கச் சிரிக்க அவங்க கம்பெனி பக்கம்தான் ஒட்டுவாங்க.

ஆள் சேர்த்தா காசுங்கிற பிரமிட் திட்டத்தை 2021 நேரடி விற்பனை விதிகள்லயே தடை பண்ணியாச்சு. சட்டம் இருக்கு. ஆனா வீட்ல இருக்கிறவங்க திட்டாம பக்கத்துல உக்காந்து, போட்டது எவ்வளவு வந்தது எவ்வளவுன்னு அவங்க கையாலயே எழுத வைங்க. நாத்தனார்கிட்ட சொல்லப் போறப்போ கூடவே போங்க.