ஆயாவின் உபவாசம்

ராயபுரத்தில் எங்கள் ஆயா ஞாயிறு பூசை முடியும்வரை ஒரு வாய் காபிகூடத் தொடமாட்டார். நன்மை, அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாக நாங்கள் வாங்கும் நற்கருணை, வாங்க நள்ளிரவிலிருந்தே உபவாசம் என்பது அவர் சின்ன வயதில் பழகியது. 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அதை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964-இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார். ஆயா மட்டும் மாறவே இல்லை. "வர்றது யாருன்னு தெரிஞ்சா பசிக்குமாடா?" என்பார்.

போன வாரம் உறவுக்காரக் குழந்தை முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைக்குப் போயிருந்தேன். நற்கருணையை நாவில் வாங்கிய நொடியில், "பாப்பா, இங்க பாரு" என்று கேமராக்காரர் கூப்பிட்டார். குழந்தை திரும்பிவிட்டது. எனக்கு நெஞ்சு வலித்தது.

சட்டத்தைக் குறைத்தது திருச்சபைதான், அதற்குக் கீழ்ப்படிகிறேன். ஆனால் காத்திருப்பதையே கஷ்டமாகப் பார்க்கும் இந்தக் காலத்தின் பழக்கம் பீடம்வரை வரக்கூடாது. ஆசைப்பட்டது உடனே கையில் வேண்டும், உடனே படமாகவும் வேண்டும் என்கிறோம். அப்புறம் ஆண்டவருக்கு முன்னால் சும்மா முழங்காலில் நிற்க யார் கற்றுத் தருவது?

சாயங்காலம் அந்தக் குழந்தையை உட்காரவைத்து ஆயாவின் பழைய ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்தேன். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." ரெண்டு தரம் தடுக்கியது. மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகச் சொன்னாள்.