பெயர் பெற்ற டீமும் யாரும் கேட்டு வராத டீமும்

நான் முதலில் இருந்தது, நிறுவனத்திலேயே பெயர் பெற்ற டீம். புது மென்பொருள் எல்லாம் அங்கிருந்துதான் வெளிவரும். மற்றவர்கள் எங்களைப் பற்றிப் பேசும்போது லேசான பொறாமை தெரியும். எங்களுக்கும் அது பிடித்திருந்தது, இல்லையென்று சொல்வானேன்! ஒரு ரிலீஸ் நன்றாகப் போனால், அதில் ஒரு வரிகூட எழுதாதவர்களும் மறுநாள் டீம் டி-ஷர்ட்டில் வந்து நிற்பார்கள்.

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதே சங்கதிதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், தங்கள் ஃபுட்பால் அணி ஜெயித்தால், அடுத்து வரும் திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஆடியது யாரோ, நெஞ்சு நிமிர்ந்தது இவர்களுக்கு.

அப்புறம் என்னைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய மென்பொருளில் பிழை திருத்தும் வேலை. யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு வராத இடம். நான் சோர்ந்துவிடுவேன் என்று நண்பர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சில மாதங்களில் மீட்டிங்கில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. முந்தைய டீமில் முடிவெடுப்பவர்கள் ஒரு சிலர்தான். நான் ஒன்று சொன்னால் "சரி, பார்க்கலாம்" என்பார்கள், அதோடு அது முடிந்தது. இங்கே ஒரு சீனியர், "நீங்க ஒரு தடவை பார்த்துட்டாத்தான் எனக்குத் திருப்தி" என்று தன் வேலையை என்னிடம் அனுப்புவார்.

குழுவால் கிடைக்கும் சுயமதிப்பை அளக்க லுஹ்டானென், க்ராக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் 16 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதை நான்காகப் பிரித்திருந்தார்கள்: என் குழுவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன், வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், 'நான் யார்' என்பதில் அந்தக் குழுவுக்கு எவ்வளவு இடம், குழுவுக்குள் நான் எவ்வளவு பயன்படுகிறேன். பழைய டீமில் எனக்கு இரண்டாவது நிறையக் கிடைத்தது. நான்காவது கிடைக்கவே இல்லை. இது என் அனுபவம்தான். வெளிப்பெயர் ஒன்றே போதும் என்று நிம்மதியாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதில்தான் ஆபத்து. அந்தப் பெயர் பெற்ற டீம் ஒருநாள் கலைக்கப்பட்டது. அதையே தன் முழு அடையாளமாக வைத்திருந்த ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எங்களோடு உட்காரவில்லை. மாலையில் பாட்டுக் குழுவுக்கும் வார இறுதியில் சதுரங்கத்துக்கும் போகிற இன்னொருவர், ஒரு வாரம் புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்தால், வரவேற்புக் கூட்டம், டி-ஷர்ட் எல்லாம் மனிதவளத் துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். முதல் வாரத்திலேயே அவரிடம் ஒரு சின்ன வேலையைக் கொடுக்கிறேன். அவர் முடித்துத் தந்தால்தான் இன்னொருவருடைய வேலை நகரும்படியான வேலை.