மாலிக்கு வெள்ளைப்புள்ளி: சூடும் உப்பும் போட்டுப் பார்த்தது

சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது என்னிடம் மீன்களுக்கு இந்த வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டியதே இல்லை. வருவதெல்லாம் மார்கழிக் குளிரில்தான். இந்த வருஷமும் அப்படியே. புதிதாக வாங்கி, தனித் தொட்டியில் (40 லிட்டர்) விட்டிருந்த கறுப்பு மாலி மீன்கள் ஃபில்டர் குழாயில் உடம்பை உரச ஆரம்பித்தன. மறுநாள் துடுப்பெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளை.

மருந்துக்கு முன்னால் மைக்ராஸ்கோப். காரணம், இதே மாதிரி வெள்ளைப் புள்ளி காட்டும் எப்பிஸ்டைலிஸ் என்று இன்னொரு நுண்ணுயிர் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அது காம்பு ஊன்றித் தோலின் மேலே கூட்டமாக உட்காருவது. அதற்குத் தண்ணீரைச் சூடாக்குவது சரியான வைத்தியமல்ல. கவர் ஸ்லிப் (மெல்லிய கண்ணாடிச் சில்லு) ஓரத்தால் மீனின் தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல வழித்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 100 மடங்கில் ஓர் உருண்டை சாவகாசமாகச் சுழன்றுகொண்டிருந்தது, உள்ளே குதிரைலாட வடிவில் உட்கரு. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணியான இக்தியோப்திரியஸ், சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற மைக்ராஸ்கோப்பே இதற்குப் போதும்.

மீன்மேல் தெரியும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது, ஏனென்றால் ஒட்டுண்ணி மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. வளர்ந்ததும் உதிர்ந்து, சரளையில் ஒட்டி, கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வெளியே வந்து, இரண்டு மூன்று நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அடிக்க வேண்டியது அந்த இடைவெளியில். சூடு ஏற ஏற இந்தச் சுற்று சீக்கிரம் முடியும்: 10 டிகிரியில் வாரக்கணக்கு, 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள்.

லிட்டருக்கு 2 கிராம் வீதம் 80 கிராம் கல் உப்பு. குவளையில் கரைத்து, பாதி காலையில், பாதி மாலையில் ஊற்றினேன். மாலிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. கெளுத்தி, லோச் வகைகளாக இருந்தால் இவ்வளவு துணிந்திருக்க மாட்டேன். செடி இல்லாத தொட்டி என்பதும் வசதி. ஹீட்டரை அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக 31 வரை ஏற்றினேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு (25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 31-இல் 7.4), அதனால் காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரண்டாவதாக ஒன்று. தினமும் சைஃபன் போட்டு அடிச்சரளையை உறிஞ்சி எடுத்தேன். கூடுகள் அங்கேதானே இருக்கின்றன. எடுத்த தண்ணீருக்கு ஈடாக உப்புப் போட்ட தண்ணீர்.

முதலில் புள்ளி கூடத்தான் செய்தது. ஒரு மாலி மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கி, இறந்தும் போனது. செவுளை வெட்டிப் பார்த்தால் அதே உருண்டைகள், தோலில் இருந்ததைவிட அதிகமாக. மற்றவை பிழைத்தன. வாரக் கடைசியில் உடம்பு சுத்தம், தீனிக்கு முட்டி மோதுகின்றன.

சூட்டை இன்னும் குறைக்கவில்லை. புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் அப்படியே விடுவது என் வழக்கம். அதன்பின் இன்னொரு முறை வழித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றுவேன். வலை, சைஃபன் குழாய் இரண்டும் அதுவரை இந்தத் தொட்டிக்கு மட்டும்.