தோள் மாறிய பை

"சார், கதவுக்கு வெளியே பை என் இடது தோள்ல இருந்துச்சு. உள்ளே வரும்போது வலது தோளுக்குப் போயிடுச்சு!"

எடிட்டிங் டைம்லைனைப் பார்த்துக் கத்தியது, காட்சியில் நடித்த மாணவியேதான்.

திரைப்பட வகுப்பில் நான் கொடுத்த கன்டினியூட்டி பயிற்சி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி கெடாமல் எடுக்கும் பயிற்சி, எளிது. ஒருவர் கதவைத் திறந்து வந்து, எதிரே இருப்பவர் முன் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான்.

180 டிகிரி விதியைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு. கேமரா அதன் ஒரே பக்கம் நிற்கும்வரை திரையில் இவர் வலப்பக்கமும் அவர் இடப்பக்கமும் பார்ப்பார்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

தடுமாறியது அசைவில்தான்.

நாற்காலியில் உட்காருவதை லாங் ஷாட்டிலும் முழுதாக எடுக்க வேண்டும், குளோசப்பிலும் முழுதாக எடுக்க வேண்டும். பாதி உட்கார்ந்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு வெட்டினால் கண் அசைவின் பின்னாலேயே போய்விடும், வெட்டு தெரியாது. ஆனால் எந்த வார்த்தையில் உட்கார்ந்தோம், எந்தக் கையை மேசையில் வைத்தோம் என்பது டேக்குக்கு டேக் மாறக்கூடாது.

படப்பிடிப்பில் இந்தத் தொடர்ச்சியைக் கவனிக்கவென்றே ஒருவர் குறிப்பேட்டோடு இருப்பார். காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பது அபூர்வம். கதவுக்கு வெளியே ஒருநாள், உள்ளே வாரங்கள் கழித்துக்கூட எடுப்பார்கள். மொத்தக் குழுவுக்கும் நினைவாக நிற்பவர் அவர். அந்த வேலைக்கு நாம் இன்னும் எவ்வளவோ மரியாதை தரவேண்டும்.

அடுத்த வகுப்பில் கோட்டைத் தாண்டவும் சொல்லித்தரப் போகிறேன். கோட்டின் மேலேயே நின்று ஒரு ஷாட் எடுத்துவிட்டால் மறுபக்கம் போகலாம், பார்ப்பவர் குழம்பமாட்டார்.