பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது: வழுக்குவதைவிடக் குளிர்வதற்குப் பயப்படுங்கள்

பிறந்த குழந்தையைத் தண்ணீரில் இறக்கும்போது கை வழுக்கிவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது, குழந்தையின் உடம்பு குளிர்ந்துபோவது. தோலில் தங்கிய ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இந்த வயதில் முடியாது. முதல் குளியலைப் பிறந்து 24 மணி நேரம் கழித்தே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது பாதுகாப்பு. எடை 2.5 கிலோவுக்குக் குறைவென்றால் எப்போது குளிப்பாட்டலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொப்புள்கொடி விழ ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். அதுவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குழந்தையைத் துண்டால் போர்த்தி, ஒவ்வொரு பகுதியாகத் திறந்து, துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கொடி நனைந்தால் ஒற்றி உலர்த்துங்கள். சுற்றிலும் சிவந்தாலோ சீழ், துர்நாற்றம் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறகு தொட்டிக் குளியல். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். இரண்டு துண்டு, மாற்றுத்துணி, டயப்பர், பஞ்சு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதலில் பச்சைத்தண்ணீர், அதன்மேல் வெந்நீர், 5 செ.மீ. ஆழம் போதும். நன்றாகக் கலக்காவிட்டால் ஓரிடத்தில் மட்டும் சூடு தங்கிச் சுட்டுவிடும். வெப்பநிலை 37-38 டிகிரி செல்சியஸ். உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதை நம்பாமல் முழங்கையை விட்டுப் பாருங்கள். குழந்தை உள்ளே இருக்கும்போது வெந்நீர் சேர்க்கவே கூடாது.

ஒரு முன்கையில் கழுத்தும் தலையும் தாங்கியிருக்க, அதே கை விரல்கள் குழந்தையின் மறுபக்கத் தோளையும் அக்குளையும் சுற்றிப் பிடிக்க வேண்டும். கால்களை முதலில் இறக்குங்கள். கண்களை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, கண்ணுக்கொரு பஞ்சில், வெறும் தண்ணீரால் துடையுங்கள். காதுக்குள் எதையும் விட வேண்டாம். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. சோப்பும் தலையும் கடைசியில்தான். முதலிலேயே தலையை நனைத்தால் குளியல் முடியும்வரை சூடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

தொட்டிக்குள் வைக்கும் குளியல் இருக்கைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கையை எடுக்கலாம் என்ற தைரியத்தைத் தருவதுதான் அவற்றின் ஆபத்து. சில செ.மீ. தண்ணீரே மூழ்கப் போதும். போக வேண்டியிருந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஐந்து முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். முதலில் தலையை உலர்த்துங்கள். கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றுங்கள். பாலும் ஈரமும் அங்கேதான் தங்கிப் புண்ணாகும். பவுடர் வேண்டாம், தூள் மூச்சில் போகும். வாரத்துக்கு இரண்டு மூன்று குளியல் தாராளம்.

பாதம் சற்றுக் குளிர்ந்திருப்பது சகஜம். நெஞ்சும் முதுகும் சில்லென்றிருந்தால் குழந்தையை உடையில்லாமல் உங்கள் வெறும் மார்பில் அணைத்து, அதற்குத் தொப்பி போட்டு, மேலே போர்த்துங்கள். அப்படியும் சூடேறாவிட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.