அமலைச்செடியை அள்ளிய பிறகுதான் வேலையே இருக்கிறது

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் என்னைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன வருஷம்தானே அமலைச்செடியை எல்லாம் எடுத்தீர்கள், அதற்குள் மறுபடியும் எப்படி இப்படி மூடிக் கிடக்கிறது? கேட்க வேண்டிய கேள்விதான். தாமிரபரணிக் கால்வாய்களில் இந்தச் செடியோடு மல்லுக்கட்டுவது என் அரசாங்க வேலையில் பெரிய பங்கு, அதனால் எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

மற்ற ஊர்க்காரர்கள் இதை ஆகாயத்தாமரை என்பார்கள். அமேசான் பக்கத்துச் செடி. ஊதாப் பூ அழகாக இருக்கிறதென்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள், 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே அங்கே தனிச் சட்டம் போட வேண்டியதாகிவிட்டது. சட்டம் போட்டும் ஒழியவில்லை.

ஒரு செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். இலைக்காம்பு உப்பியிருக்கும், நசுக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி, முழுக்கக் காற்று. அடியில் கருநீல வேர் விரித்துப்போட்ட தலைமுடி போலத் தொங்கும். பக்கவாட்டில் ஒரு தண்டு நீண்டு, அதன் நுனியில் ஒரு குட்டிச் செடி இருக்கும். அந்தத் தண்டுதான் விஷயம். லேசாக இழுத்தாலே சட்டென்று ஒடியும், ஒடிந்ததும் குட்டி தனியாக மிதந்து போய் வேறொரு இடத்தில் தன் குடும்பத்தை ஆரம்பித்துவிடும். மிதவையில் ஏற்றிய ஹிட்டாச்சி கையைப் போட்டு அள்ளுகிறபோது இப்படி எத்தனை ஒடியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் சாக்கடைச் சத்தும் சேர்ந்து கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். விதையோ சேற்றுக்குள் 20 வருஷம் வரை உயிரோடு கிடக்கும். ஆக, தண்ணீர் பளிச்சென்று தெரிகிற அன்றைக்கும் செடி அங்கேதான் இருக்கிறது, நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் போடுகிற எஸ்டிமேட் பெரும்பாலும் அள்ளுகிற வேலைக்கானது. இத்தனை சதுர மீட்டர் பரப்பு, இத்தனை மணி நேரம் இயந்திரம், அளந்து எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டில் ஏற்றினால் பில் பாஸ் ஆகும். அள்ளி முடித்த பிறகு வாரத்துக்கு ஒரு முறை நாலு ஆள் பரிசலில் போய் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிற குட்டிகளைக் கையால் பொறுக்குவதுதான் உண்மையில் பலன் தருகிற வேலை, அதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பார்வைக்கு எதுவும் இல்லாத தண்ணீரில் என்ன வேலை காட்டுவீர்கள் என்று தணிக்கையில் கேட்பார்கள். எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அந்த வேலை. இதைத்தான் மேலே இருக்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 20 லட்சம் செடி வரை இருக்கும், 270 முதல் 400 டன் வரும் என்பது ஒரு பொதுவான கணக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீரைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். அதனால் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது ஒப்பந்தக்காரர்களுக்கு லேசாகப் போய்விட்டது. குவியலின் மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் பச்சையாகவே கிடக்கும், அடுத்த மழைக்குக் கரை வழிந்து அப்படியே திரும்ப உள்ளே வரும். என் பொறுப்பில் நடக்கிற இடங்களில் சில நாள் கரையில் வடியவிட்டு, சுருங்கிய பிறகு கட்டாயம் அப்புறப்படுத்த வேண்டும் என்று நிற்கிறேன். வாழைக்காரர்கள் மூடாக்குக்குக் கேட்டு வருவார்கள். நல்ல காரியம்தான், ஆனால் சாக்கடை விழுகிற இடத்துச் செடி கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும், அதைத் தோட்டத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

மருந்து அடித்தால் என்ன என்பார்கள். இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பூச்சி இருக்கிறதே என்று படித்தவர்கள் கேட்பார்கள். இந்தச் செடியை மட்டுமே தின்கிற தென் அமெரிக்க வண்டு இரண்டு வகை 1980களின் ஆரம்பத்திலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, பெங்களூர் ஏரிகளில் பலனும் தந்தது. இலையின் மேல்தோலை அரிசி அளவுக்குச் சுரண்டின தழும்பு வரிசையாக இருந்தால் அந்த வண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அதற்கு வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும், தண்ணீரில் சத்து மிஞ்சிக் கிடந்தால் வண்டு தின்கிற வேகத்தைவிடச் செடி வளர்கிற வேகம் அதிகம்.

எங்கே சுற்றினாலும் தண்ணீரில் சேர்கிற சத்தில்தான் வந்து நிற்கிறது. பாபநாசம் பக்கம் ஆறு இறங்குகிற இடத்தில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஊர்களைத் தாண்டத் தாண்ட, கழிவுநீர் கலக்கக் கலக்க, அணைக்கட்டுகளில் தண்ணீர் தேங்கத் தேங்க, செடி கனத்துக்கொண்டே போகிறது. கடைசியில் வடகால், தென்கால் தலைமதகில் மெத்தை மாதிரி வந்து அடைக்கும், மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் துரட்டியைப் போட்டு இழுத்துக்கொண்டே இருப்பார், ஷட்டரை முழுக்கத் தூக்கினாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. பிசான நெல் பருவத்துக்கு நாற்று விட்டுவிட்டுக் காத்திருக்கிறவரிடம் போய் துறை எல்லைகளைப் பற்றி விளக்கவா முடியும்? கால்வாய் ஒரு துறை, சாக்கடை உள்ளாட்சி, ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன் மீன்வளத்துறை. செடிக்கு இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததே, அப்போது ஆறு அடித்த அடியில் செடி எல்லாம் கடலுக்குப் போயிருக்கும், இனி கவலையில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஆற்றின் மடக்குகளில், ஓடைகளில், குளத்து ஓரங்களில் ஒதுங்கினது போதும் அதற்கு. பொறுக்குகிற வேலையை ஆரம்பிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் உடைந்த கரைகளை அடைப்பதற்கே ஆள் போதவில்லை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

வெளியிலிருந்து வந்து நம் தண்ணீரைப் பிடித்துக்கொள்வது செடி மட்டும் இல்லை. ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு மத்திய அரசு தடை போட்டது 2000இல், இன்றைக்கும் கோழிக் கழிவைப் போட்டு ரகசியமாக வளர்க்கிற குட்டைகளைத் தேடித் தேடி அழிக்க வேண்டியிருக்கிறது, ஒரு வெள்ளத்தில் குட்டை வழிந்தால் அந்த மீன் ஆற்றுக்கு வந்துவிடும், நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் மோசமான தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். எண்ணூரில் காக்கா ஆழி என்று ஒரு தென் அமெரிக்க மட்டி கழிமுகத் தரையையே போர்த்தி, இறாலும் மஞ்ச மட்டியும் பிடிக்கிற இடங்களைக் கெடுத்துவிட்டது. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். அதை முதலில் கவனித்துக் கத்தியவர்கள் அங்கே தினம் இறங்கித் தடவி இறால் பிடிக்கிறவர்கள்தான்.

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்கள் குளத்தில் பத்துச் செடி மிதக்கும்போதே சொல்லுங்கள், எந்தக் குளம், எந்த மதகுக்குப் பக்கம் என்று குறிப்பிட்டு, முடிந்தால் படத்தோடு. பத்துச் செடிக்கு டெண்டர் வேண்டாம், எஸ்டிமேட் வேண்டாம், ஒரு ஆள் அரை மணி நேரத்தில் கையால் எடுத்துப்போட்டுவிடலாம். அப்புறம், அழகுக்கென்று வீட்டுத் தொட்டியில் இதை வளர்க்கிறவர்கள், அலுத்துப்போனால் தயவுசெய்து வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் வெயிலில் போட்டு, வேர் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்த பிறகு எருக்குழியில் போடுங்கள்.