வைக்கோல் யாருக்கு?

இத்தாலியின் டஸ்கனியில், பியென்சா என்ற சிற்றூருக்கு வெளியே, பழைய கல்வீடு ஒன்றில் மே மாதக் கடைசியில் ஒன்பது இரவுகள் தங்கினோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், எழுபத்துநான்கு வயது அப்பா. குடும்பத்தோடு இப்படித் தங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விசாவில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுமாறினோம். வீட்டுக்காரர் அனுப்பிய முன்பதிவுக் கடிதத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. ஐந்து பேரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு மறுபடி வாங்கிய பிறகே விண்ணப்பத்தைக் கொடுத்தோம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து சுற்றுலா வாடகை வீடுகளுக்கு அரசு அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீடுகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கார் இல்லாமல் அங்கே பால்கூட வாங்க முடியாது. கணவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டார். அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். பழைய ஊர்களின் மதிலுக்குள் வெளியார் வண்டிகளுக்குப் பல இடங்களில் தடை உண்டு. கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். நாங்கள் எந்த ஊரிலும் வண்டியை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போனோம்.

ரோமிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, கியூசி என்ற ஊரருகே அதைவிட்டு இறங்கினோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் வெள்ளைச் சரளை மண் பாதை. பொழுதிருக்கும்போதே போய்ச் சேருங்கள். போனதும் வீட்டுக்கார அம்மாள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டார். அப்பா கலங்கிவிட்டார். தங்க வருபவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். குறித்துக்கொண்டு உடனே திருப்பித் தந்தார்.

முதல் இரவே மின்சாரம் போனது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஓவனில் காய்கறி வெந்துகொண்டிருந்தது, நான் கெட்டிலையும் போட்டேன். அவ்வளவுதான், இருட்டு. இத்தாலியில் வீடுகளுக்கான இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். பெரிய சாதனங்கள் இரண்டு சேர்ந்தாலே மீட்டர் தானாக அணைந்துவிடும். அந்த மீட்டரோ தோட்டத்து வாசலில், பாதையோரம் இருந்தது. டார்ச்சுடன் மகனும் நானும் இறங்கிப் போனோம். சுவிட்சைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், எதிரே கோதுமை வயல் முழுக்க மின்மினி. இத்தனை மின்மினிகளை நான் சிறுமியாக மன்னார்குடியில் பார்த்ததோடு சரி. மகன் பார்த்ததே இல்லை. வீட்டில் விளக்கு வந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம்.

கல் இடுக்குகளில் சிறிய கருந்தேள் இருக்கும். கொட்டினால் குளவி கொட்டியதுபோல வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை என்றார் அம்மாள். ஆனாலும் தினமும் காலையில் செருப்பை உதறியே போட்டோம். ஜூன் 2 அவர்களுடைய குடியரசு தினம், ஊர்க் கடைகள் அடைப்பு. முதல்நாளே சாமான் வாங்கி வையுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. எங்கள் எலுமிச்சை ஊறுகாய்க்கு அது அருமையாகப் பொருந்தியது. மாவும் தண்ணீரும் பிசைந்து உள்ளங்கையால் நீளமாக உருட்டும் பீச்சி என்ற பாஸ்தாவைப் பிள்ளைகளுக்கு அம்மாளே சொல்லிக்கொடுத்தார்.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் படிக்கட்டைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். இந்த வீட்டில் படுக்கையறைகள் மாடியில், சமையலறை கீழே. இரண்டுக்கும் நடுவில் வெளிப்பக்கமாகக் கல் படி. அப்பாவின் முழங்காலுக்கு அது பெரும்பாடாக இருந்தது. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று நான் சலித்துக்கொண்டபோது, அதற்கு விடை கண்டவர் அப்பாதான். சமையலறைச் சுவரோரம் நீளமான கல் தொட்டி ஒன்றில் பழக்கூடை வைத்திருந்தார்கள். அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தீவனத் தொட்டிம்மா, கீழே மாடு கட்டியிருக்கிறார்கள்" என்றார்.

அது உண்மைதான். கீழே கியானினா என்ற வெள்ளை இன மாடுகள், மேலே மனிதர்கள். குளிர்காலத்தில் மாட்டின் சூடு மேலே ஏறும். வாசலில் செங்கல் பாவிய முற்றம் கதிரடிக்கும் களம். எண்பதை நெருங்கும் அந்த அம்மாள் இதே வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா மெத்சாத்ரியா முறையில், அதாவது விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுக்கும் வாரக் குத்தகைக்கு, இந்த நிலத்தை உழுதவர். 1964இல் அரசு புதிய வாரக் குத்தகை ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்கு முன்பும் பின்பும் குடியானவர்கள் நகரத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிப்போக, இப்படிப்பட்ட வீடுகள் பூட்டிக்கிடந்தன. பின்னால் பண்ணைத் தங்கல்களாக மாறிப் பல மீண்டும் உயிர்பெற்றன. இவர்கள் குடும்பம் போகவில்லை, கடன் வாங்கி வீட்டையும் நிலத்தையும் வாங்கிவிட்டது.

என் தாத்தாவும் வாரத்துக்கு உழுதவர். அப்பா அதைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. கடைசி மாலை களத்தில் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் என் கைப்பேசி மொழிபெயர்த்தது. விதைச் செலவு யாருக்கு, களத்தில் அளக்கும்போது நிலக்காரர் நேரில் வருவாரா என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். விதையில் பாதி எங்களுடையது, அளக்கும்போது பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்து நிற்பார் என்றார் அம்மாள். அப்பா சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"வைக்கோல் யாருக்கு?"

கைப்பேசி பேசி முடிக்கும் முன்பே அம்மாள் சிரித்தார். எழுந்து அப்பாவைச் சமையலறைக்குள் அழைத்துப்போய், தொட்டியிலிருந்து பழக்கூடையை எடுத்துக் கீழே வைத்து, வெறும் கல்லைத் தட்டிக் காட்டினார்.